சீட்டு இல்லாத அடகு: திரையில் நர்ஸின் முதல் வேலை

மகேஷ் நாராயணன் இயக்கிய ‘டேக் ஆஃப்’ (2017) மலையாளப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் இரண்டாம் பாதியைத்தான் பேசுகிறார்கள். திக்ரித் நகரம், ஐ.எஸ். ஆட்கள், துப்பாக்கி முனையில் ஒரு பேருந்துப் பயணம், ஃபகத் ஃபாசில் நடித்த தூதர். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நர்ஸாக அந்தப் படத்தைப் பார்த்த எனக்கு அதன் முதல் பாதிதான் அபூர்வமானது. பார்வதி நடித்த சமீரா ஈராக்குக்குப் போவது ஏன் என்று அங்கே கணக்குப் போட்டுச் சொல்லப்படுகிறது. வீட்டுக்குக் கடன் இருக்கிறது. உள்ளூர் ஆஸ்பத்திரிச் சம்பளத்தில் அது அடையாது. விவாகரத்தானவள், மகனைப் பிரிந்திருப்பவள். போகிற நாடு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே போகிறாள். ஒரு நர்ஸ் ஏன் ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதை ரூபாய்க் கணக்காகச் சொன்ன இந்தியப் படங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நம் சினிமாவிலும் கதைகளிலும் நர்ஸ் எப்போதும் யூனிஃபார்மோடுதான் அறிமுகமாகிறாள். கையில் டிரே, தலையில் தொப்பி (தொப்பியை ஆஸ்பத்திரிகள் கைவிட்டுப் பல வருஷம் ஆகிறது, சினிமா இன்னும் விடவில்லை), ‘டாக்டர் கூப்பிடுறாங்க’ என்று ஒரு வசனம். அவள் படிப்பை முடித்ததற்கும் இந்த டிரேயைக் கையில் எடுத்ததற்கும் நடுவில் ஒரு காலம் இருக்கிறது. சிலருக்கு மூன்று மாதம், சிலருக்கு இரண்டு வருஷம். அந்தக் காலம் எங்குமே கதையாகவில்லை. போலீஸ்காரனாக ஆசைப்படுகிறவன் மைதானத்தில் ஓடுவதை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்! ஐ.ஏ.எஸ். கனவு, கிரிக்கெட் செலக்‌ஷன், சினிமா சான்ஸ் தேடி கோடம்பாக்கத்தில் அலைவது எல்லாமே கதைதான். நர்ஸ் வேலை தேடுவது மட்டும் கதை இல்லை.

இதற்குக் காரணம் தேடினால் நான் பழைய படம் ஒன்றுக்குத்தான் போய்ச் சேருகிறேன். பீம்சிங்கின் ‘பாலும் பழமும்’ (1961). சரோஜாதேவி அதில் மருத்துவரான கணவனுக்கு மனைவி. காசநோய் வந்ததும் அவனுடைய ஆராய்ச்சிக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று விலகிப் போகிறாள். பிறகு, பார்வை இழந்த அவனுக்குப் பணிவிடை செய்ய வேறொரு பெயரில் நர்ஸாகத் திரும்பி வருகிறாள். தன்னைக் கவனித்துக்கொள்வது தன் மனைவிதான் என்று அவனுக்குத் தெரியாது. பாட்டுகளுக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம், அது வேறு விஷயம். அந்தக் கதையில் நர்ஸ் வேலை என்பது மனைவி போட்டுக்கொள்ளும் வேஷம். மனைவியின் பணிவிடைக்குச் சம்பளம் கிடையாது, எனவே இந்த நர்ஸின் சம்பளம் என்ன என்ற கேள்வி யாருக்கும் எழாது. கேட்டால் அசிங்கமாக இருக்கும். அறுபது வருஷத்துக்கும் மேலாக நம் மனசில் இருக்கிற நர்ஸ் இவள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மே 12 அன்று ஆஸ்பத்திரியில் கேக் வெட்டி, ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்து, ‘உங்கள் சேவை’ என்று நிர்வாகி பேசும்போது அவர் மனதில் இருப்பவளும் இவளே.

நான் பாளையங்கோட்டைக்காரி. எங்கள் ஊரில் ‘ஊழியம்’ என்றால் தேவ ஊழியம். மிஷன் பள்ளிகளும் கன்னியாஸ்திரிகளும் நிறைந்த ஊர். ஊழியம் செய்கிறவர்களிடம் கூலி பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு. நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் இரண்டே வகைப் பதில்தான் சொன்னார்கள். ‘நல்ல ஊழியம்மா’ என்றது ஒரு கூட்டம். ‘வெளிநாடு போயிரலாம்லா’ என்றது இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் நடுவில் உள்ளூரில் ஒரு வேலை, அதற்கு ஒரு சம்பளம், அதை வாங்க ஒரு வழி என்று எதையும் யாரும் சொல்லவில்லை.

அதனால்தான் ஸ்ரீப்ரியா இயக்கிய ‘மாலினி 22 பாளையங்கோட்டை’ 2014இல் வந்தபோது தலைப்பைப் பார்த்தே நான் பரபரப்பானேன். ஆஷிக் அபுவின் ‘22 ஃபீமேல் கோட்டயம்’ (2012) படத்தின் தமிழ் வடிவம் அது. கோட்டயத்துக்குப் பதில் பாளையங்கோட்டை என்று யோசித்தவர் யாரோ, அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. கிறிஸ்தவப் பள்ளிகள், பெரிய அரசு ஆஸ்பத்திரி (நாங்கள் ஹைகிரவுண்ட் என்போம்), வெளியூருக்கு அனுப்பத் தயாராக இருக்கும் குடும்பங்கள் எல்லாம் இங்கும் உண்டு. ஆனால் தலைப்பைத் தாண்டி ஊர் படத்துக்குள் பெரிதாக வரவில்லை. மூலத்தில் ‘கோட்டயம்’ என்ற சொல் செய்கிற வேலையை இதில் ‘பாளையங்கோட்டை’ செய்யவில்லை. கோட்டயம் என்றதும் ஒரு மலையாளிக்குப் பின்னணி தானாக விரிந்துவிடும். எந்த வீட்டிலும் ஒரு நர்ஸ் இருப்பாள், அவள் அனுப்பிய பணத்தில் கட்டிய வீடு இருக்கும். இயக்குநர் அதைக் காட்ட வேண்டியதே இல்லை. தமிழ்ப் பார்வையாளனுக்கு பாளையங்கோட்டை என்றால் அதிகபட்சம் ஜெயில் ஞாபகம் வரும். அவனுக்கு அந்த ஊரின் நர்ஸைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

மூலப் படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதை எல்லோரும் பழிவாங்கும் படமாகவே பேசினார்கள். ரீமா கல்லிங்கல் நடித்த டெஸ்ஸா கடைசியில் செய்கிற காரியத்தைப் பற்றி அவ்வளவு விவாதம். அந்தக் கொடுமை எந்த வாசல் வழியாக அவள் வாழ்க்கைக்குள் வந்தது என்று யாரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் நர்ஸ் அவள், கனடா போக வேண்டும். சிரில் விசா ஏஜென்சியில் வேலை செய்பவன். அவனுடைய அழகோ பேச்சோ அப்புறம். முதலில் அவன் அவளுடைய காகிதங்களைத் தெரிந்தவன், எந்தக் கையெழுத்து எங்கே வேண்டும், எத்தனை நாளில் வரும் என்று சொல்லக்கூடியவன். புதிதாக வேலை தேடும் ஒரு நர்ஸின் உலகத்தில் இப்படிப்பட்டவனுக்கு இருக்கும் கவர்ச்சியை வெளியே இருப்பவர்களால் புரிந்துகொள்ள முடியாது. டாக்டரைவிடப் பெரிய ஆள் அவன். திரைக்கதை எழுதியவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது, ஆனால் அங்கே நிற்காமல் காதலுக்கும் பிறகு குரூரத்துக்கும் ஓடிவிடுகிறார்கள். படத்தின் உண்மையான களம் அந்த ஏஜென்சியின் மேஜைதான் என்பது என் கட்சி.

காகிதம் என்று சொன்னேன். வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜி.என்.எம். டிப்ளமோவோ, நாலு வருஷ பி.எஸ்சி. நர்ஸிங்கோ முடித்ததும் மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் வந்தால்தான் நர்ஸ். அதற்கப்புறம் பெரிய ஆஸ்பத்திரிகளில் ‘எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?’ என்பார்கள். வேலை கொடுத்தால்தானே எக்ஸ்பீரியன்ஸ்? வளைகுடாவுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சியிலும் இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள், அதுவும் இத்தனை படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரியில் என்று. ஆகவே புதுசாக வெளியே வருகிற பெண்ணுக்கு முதல் வேலையில் சம்பளம் இரண்டாம் பட்சம். ‘எத்தனை பெட்?’ என்பதுதான் ஹாஸ்டலில் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட முதல் கேள்வி. இது நிர்வாகத்துக்கும் நன்றாகத் தெரியும். நீ சம்பளத்துக்கு வரவில்லை, சான்றிதழுக்கு வந்திருக்கிறாய் என்று தெரிந்தவன் என்ன சம்பளம் தருவான்? தெருமுனை நர்ஸிங் ஹோமில் இன்னொரு விதம். பத்தாவது முடித்த பெண்களைக் கூட்டி வந்து, ஆறு மாதம் ஊசி போடச் சொல்லிக்கொடுத்து, அதே வெள்ளை உடுப்பைப் போட்டு நிறுத்திவிடுவார்கள். நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது. மூன்று வருஷம் படித்துவிட்டு வருகிற பெண் அங்கே வேலை கேட்டால் ‘அந்தப் புள்ள மூவாயிரத்துக்குப் பார்க்குதே’ என்பார்கள்.

என் முதல் வேலை கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். இன்டர்வியூவில் இரண்டு டோஸ் கணக்கு கேட்டார்கள், சரியாகச் சொன்னேன். மூன்றாவது கேள்வி, ‘கல்யாணம் எப்போ?’ பிறகு இரண்டு வருஷ பாண்டில் கையெழுத்து. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டிலிருந்து கவுன்சில் பதிவுவரை எல்லா ஒரிஜினலையும் ஒரு கவரில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். ஊருக்கு ஃபோன் செய்து சொன்னேன். அப்பா, ‘நகைய அடகு வச்சிருக்கோம்னு நெனச்சுக்கோ, ரெண்டு வருசத்துல திருப்பிரலாம்லா’ என்றார். அம்மா ஃபோனைப் பிடுங்கிக் கேட்டாள்: ‘ஏட்டி, அடகுக் கடைக்காரங்கூட சீட்டு எழுதித் தருவாம்லா. இவங்க என்னத்தட்டி தந்தாங்க?’

ஒன்றும் தரவில்லை. கேட்கவும் முடியாது. வார்டில் இருந்த மூத்த அக்கா ஒருத்தி சொன்னது: ‘நீ கேட்டேன்னா, பிரச்சன பண்ற பொண்ணுன்னு எழுதிருவாங்க. நாளைக்கு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல கையெழுத்துப் போடறதும் அதே ஆள்தானே கண்ணு.’

இது என் ஒருத்தியின் கதை இல்லை என்பதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. 2011இல் மும்பையில் கேரளத்தைச் சேர்ந்த இளம் நர்ஸ் ஒருவர் தற்கொலை செய்துகொண்டதை அடுத்து, பாண்டும் பிடித்துவைக்கப்பட்ட சான்றிதழ்களும் நாடு முழுக்கப் பேச்சாயின. அந்த வருஷம்தான் கேரளத்தில் நர்ஸ்கள் புதிய சங்கம் கட்டித் தெருவுக்கு வந்தார்கள். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் ஆஸ்பத்திரிச் சம்பளத்தை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும் என்பது குழுவின் பரிந்துரை. கேரளத்தில் 2018இல் அரசாணை வந்தது, அதுவும் போராடித்தான். தமிழ்நாட்டிலோ, அரசு வேலை கிடைத்தவர்களுக்கே வேறு கதை. எம்.ஆர்.பி. தேர்வு எழுதி 2015இல் தேர்வான ஆயிரக்கணக்கான நர்ஸ்களுக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். தமிழ் சினிமாவுக்கு இதைவிடப் பெரிய காட்சி வேண்டுமா? ஒரு படம் வரவில்லை. நான் வாசித்த தமிழ்ச் சிறுகதைகளிலும் அந்த வளாகம் இல்லை.

பாயல் கபாடியாவின் ‘ஆல் வீ இமாஜின் அஸ் லைட்’ 2024இல் கான் விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்கியது. மும்பையில் வேலை பார்க்கும் இரண்டு மலையாளி நர்ஸ்கள், ஒரே அறையில். மூத்தவள் பிரபா, இளையவள் அனு. அழகான படம். மழையும் ரயிலும் நைட் டியூட்டிக்கு அப்புறம் வரும் அந்தக் களைப்பும் அப்படியே இருக்கின்றன. அனு மேஜையில் உட்கார்ந்து போரடித்து ஸ்டெதஸ்கோப்பால் விளையாடுவதைப் பார்த்து நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன், நாங்கள் எல்லோரும் செய்ததுதான். அந்த மாத வாடகையை நீங்களே கட்டிவிடுங்கள் என்று அனு பிரபாவிடம் கேட்கும் இடம் ஒன்று வருகிறது. சின்னக் காட்சி. எனக்கு அது போதவில்லை. அனுவுக்கு என்ன சம்பளம், வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறாள், யார் சொல்லி மும்பைக்கு வந்தாள் என்பதில் படத்துக்கு அக்கறை இல்லை. அவளுடைய பணத்தட்டுப்பாடு அவளுடைய துடுக்குத்தனத்தின் ஒரு பகுதி மாதிரி, காதலனோடு ஊர் சுற்றுகிறவளின் செலவு மாதிரி வந்துபோகிறது. அதே படத்தில் சாயா கதம் நடித்த பார்வதி, ஆஸ்பத்திரியில் சமைப்பவள், வீட்டை இழக்கிறாள். அந்த வீடு தன்னுடையது என்று காட்ட அவளிடம் காகிதம் இல்லை. அங்கே இயக்குநருக்குக் காகிதம் என்றால் என்ன என்று தெளிவாகத் தெரிகிறது. சமையல்காரப் பெண்ணிடம் பார்த்த அதே விஷயம் நர்ஸிடம் அவர் கண்ணில் படாமல் போனது எனக்கு ஆச்சரியம்தான். நர்ஸ் என்றதும் அவருக்கும் தனிமை, காத்திருப்பு, அக்கறை என்ற பழைய சொற்கள்தான் முதலில் வந்திருக்கின்றன.

இன்னொரு சந்தேகம். பிரபாவின் கணவன் ஜெர்மனியில் தொழிற்சாலையில் இருக்கிறான், அவள் இங்கே காத்திருக்கிறாள். அங்கிருந்து ஒரு ரைஸ் குக்கர் வருகிறது, ராத்திரியில் அதை அவள் கட்டிக்கொள்கிறாள். மறக்க முடியாத காட்சி. ஆனால் வரலாறு பெரும்பாலும் நேர் எதிர். அறுபதுகளிலேயே கத்தோலிக்கத் திருச்சபை வழியாகக் கேரளப் பெண்கள் ஜெர்மனிக்கு நர்ஸிங்குக்குப் போனார்கள். பெண் முதலில் போவாள், கணவன் பின்னால் போவான், போய் அவளைவிடக் குறைந்த வேலையில் நிற்பான். அமெரிக்கா போன மலையாளி நர்ஸ் குடும்பங்களில் இது உண்டாக்கிய புகைச்சலை ஷீபா ஜார்ஜ் ஒரு முழுப் புத்தகமாக எழுதியிருக்கிறார், 2005இல் வந்தது. பிரபா மாதிரி கையில் தொழில் உள்ள ஒருத்தி ஏன் ஜெர்மனிக்கு விண்ணப்பம் போடவில்லை? போட்டாளா, கிடைக்கவில்லையா? படம் அந்தக் கேள்வியைத் தொட்டிருந்தால் அவளுடைய காத்திருப்புக்கு வேறு கனம் வந்திருக்கும். காத்திருக்கும் மனைவி என்ற உருவம் அவ்வளவு வலுவானது, கலைப்படத்தையும் விடவில்லை. பாலும் பழமும் சாந்தியின் தூரத்துச் சொந்தம்தான் பிரபா என்றால் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

திரும்ப ‘டேக் ஆஃப்’புக்கே வருகிறேன். 2014 ஜூனில் திக்ரித் ஐ.எஸ். கையில் விழுந்தபோது அங்கே மாட்டிய இந்திய நர்ஸ்கள் 46 பேர். ஒருவர் தவிர எல்லோரும் கேரளத்துக்காரர்கள். அந்த ஒருவர் தூத்துக்குடிப் பெண். குண்டு விழும்போதும் அவர்களில் பலர் உடனே கிளம்பத் தயங்கினார்கள் என்று அப்போதைய செய்திகளில் வந்தது. சம்பளப் பாக்கி இருந்தது, ஊரில் ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இருந்தது. தொலைக்காட்சி விவாதங்களில் இதை ஒரு விநோதம் மாதிரிப் பேசினார்கள், உயிரைவிடப் பணமா என்று. அந்தத் தயக்கத்தை உள்ளேயிருந்து புரிந்துகொள்ளப் பார்வையாளனைத் தயார் செய்வது ‘டேக் ஆஃப்’பின் முதல் பாதிதான், அதனால்தான் அதை இவ்வளவு தூக்கிப் பேசுகிறேன். அதே சம்பவத்தை வைத்து அதே வருஷம் இந்தியில் வந்த ‘டைகர் ஜிந்தா ஹை’யைப் பாருங்கள். நர்ஸ்கள் அதில் மீட்கப்பட வேண்டிய சரக்கு, அவ்வளவே. யாருக்கு எவ்வளவு கடன் என்று சல்மான் கானுக்கு என்ன கவலை?

ஆனால் மகேஷ் நாராயணனும் கடைசியில் தூதரிடம் கதையைக் கொடுத்துவிடுகிறார். சமீராவின் கணக்கு பாதியில் நிற்கிறது. மீட்பு முடிந்ததும் படம் முடிந்துவிடுகிறது. நிஜத்தில் ஜூலை 5 அன்று தனி விமானம் கொச்சியில் இறங்கியது. பூங்கொத்து, கேமரா, அமைச்சர்கள். படத்தை முதல் தடவை பார்த்து முடித்தபோது என் மண்டையில் ஓடியது வேறு. இவர்கள் எல்லோரும் அடுத்த வாரம் மறுபடி வேலை தேட வேண்டும். ஏஜென்டுக்குக் கொடுத்த பணம் திரும்புமா? வேறு ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்தால் முதலில் என்ன கேட்பார்கள்? ‘கடைசியா எங்க வேலை பார்த்தீங்க, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் எங்கே?’ திக்ரித் ஆஸ்பத்திரியில் அதற்குக் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்? சீல் யார் கையில் இருக்கிறது?